குறிப்புக் கட்டம்

மீட்டருக்கு முதலில்
உண்மை சொல்லப் பழக்கவேண்டும்.
நான்கு, ஏழு, பத்து:
சிவப்பு, மஞ்சள், நீலக் கரைசல்களில்
முறையே முக்கி, கழுவி, துடைத்து.
லோரியின் பின்பலகையில் டார்ச்சை நிறுத்திவைத்து
காலை ஆறே முக்காலுக்கு, நீ சூன் காட்டோரம்
அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.
சுடுதிடல் பக்கம் இன்று சத்தமில்லை.

ரோஸ்னிசாமுக்கு இந்த ஓடை எட்டு மாதப் பழக்கம்.
எனக்கு முதல் நாள்.
ஐந்து வருடமாய்க் கால்வாய்களைக்
கரைத்துக் குடித்தவள் என்ற மிதப்போடு
முழங்கால் பூட்ஸில் இறங்கினேன்.
குப்பியில் ஏறியது தே ஓ நிறத்தில் நீர்.
"சீனி குறைவு" என்றான்.
இதையே எல்லோரிடமும் சொல்வானாம்.

மீட்டர் காட்டியது: 4.9.

வயிற்றில் புளியைக் கரைத்தது எனக்கு.
நீரிலும் யாரோ
அதையேதான் கரைத்திருக்கவேண்டும்.
எந்தப் பட்டறை, எந்தக் குழாய், எந்த ராத்திரி?
மின்முனையைக் கழுவினேன்.
மறுபடி நான்கு. மறுபடி ஏழு.
மறுபடி 4.9.

அவன் பதில் சொல்லவில்லை.
டார்ச்சை மட்டும் ஒரு வேரடிக்குத் திருப்பினான்.
நகத்தளவு மீன்கள்,
இடுப்போரம் தீக்குச்சி கிழித்ததுபோல்
ஒரு செங்கோடு.
வெளிச்சத்துக்குச் சிதறி
மறுகணமே, ஒன்றும் நடக்காததுபோல்,
அந்தப் புளிப்புக்குள் கூடிக்கொண்டன.
கீழே இலைகள்.
இலைகளுக்குக் கீழே இலைகள்.
அதற்கும் கீழே, இலையென்று சொல்லமுடியாத ஒரு கறுப்பு.
குற்றவாளி கிடைத்துவிட்டது.
கைது செய்ய ஏதுமில்லை.

அரைமணியில் ஈசூன்.
அதே மழையின் இன்னொரு பிள்ளை
புளோக்குகளுக்குப் பின்னால் நேர்கோட்டில் வருகிறது.
கண்ணாடி. காசு விழுந்தால்
அச்சிட்ட வருடத்தை மேலிருந்தே படிக்கலாம்.
8.4.
வழிநெடுக சிமெண்டுச் சுவரைக்
கொஞ்சம் கொஞ்சமாய் நக்கியபடி வந்து
சுண்ணாம்பு நாக்கோடு நிற்கிறது.
ஒரு திலாப்பியா. ஒரு ஒற்றைச் செருப்பு.
படிவம் ஆறிலிருந்து ஒன்பதுவரை ஏற்கும்;
எனவே பச்சை.

பாலத்தின்மேல்
காய்கறி டிராலியோடு நின்ற அம்மாள்
கீழே எட்டிப் பார்த்துக் கேட்டார்:
"தண்ணி ஓகே ஆ?"
கட்டைவிரலை உயர்த்தினேன்.
அவர் போனபிறகு அந்த விரல் எனக்கே உறுத்தியது.
பொய் சொல்லவில்லை.
தண்ணி காட்டினேன்.

உலோகங்களுக்கான குப்பியில்
நைட்ரிக் அமிலம் சில சொட்டு விடுவோம்.
விடாவிட்டால் செம்பும் ஈயமும்
சுவரோடு ஒட்டிக்கொண்டு
ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள்
இல்லவே இல்லை என்று சாதிக்கும்.
நூறுமுறை செய்த வேலை.
இன்றுதான் சொட்டானைப் பிடித்த கை
ஒருகணம் நின்றது.

மூன்று மணிக்கு பெக் ஹார் போனில் அழைத்தாள்.
"எழிலி, முதல் இடம் சிவப்பு காட்டுது. மீட்டர் தவறா?"
"இல்லை."
"தண்ணி தவறா?"
"இல்லை."
"அப்ப என்ன போடறது? குறிப்புக் கட்டத்துல
இருபது எழுத்துதான் ஏறும்."
பின்னால் அவளுடைய விசைப்பலகை
காத்துக்கொண்டிருந்தது.
மீன்கள் என்று சொல்லவந்தேன்.
சதுப்பு என்று சொல்லவந்தேன்.
கடைசியில் "இலை" என்றேன்.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."
மீதி எழுத்துகளை அவள் காலியாக விட்டாள்.

இரவு பூட்ஸைத் தாழ்வாரத்தில் கவிழ்த்தபோது
காலுறையோடு ஒன்று விழுந்தது.
நரம்பு மட்டும் மிஞ்சிய ஓர் இலை.
ஏன் என்று தெரியாது,
கோப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றினேன்.
குடிப்பதற்கல்ல.

பத்து நிமிடம் பார்த்தேன்.
இன்னும் நிறம் இறங்கவில்லை.
கீழே சாக்கடையில் மழை
இறங்கத் தொடங்கியிருந்தது.